உயிர் பிழைத்த பின்னர்: பினாங்கில் நரம்பியல் நோயாளர் மறுவாழ்வு

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் திடீரென அடைபட்டு ஒருவர் சாய்ந்துவிட்டால், அடுத்த சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை மருத்துவ உலகம் கடந்த 30 ஆண்டுகளில் பெருமளவு கற்றுத் தெளிந்துவிட்டது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தின் பயன் 1995இல் நிறுவப்பட்டது. நோய் தாக்கியதிலிருந்து நாலரை மணி நேரம் வரை அதைச் செலுத்தலாம் என்பது 2008இல் உறுதியானது. இரத்தக்குழாய் வழியே மெல்லிய கருவியைச் செலுத்திக் கட்டியையே வெளியே இழுத்தெடுக்கும் முறை 2015இல் வெளிவந்த ஆய்வுகளால் நிலைபெற்று, 2018இல் தக்க நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை நீட்டிக்கப்பட்டது. இவை யாவும் மணிக்கணக்கில் அளக்கப்படும் வெற்றிகள். நோயாளி பிழைத்து வீடு திரும்பிய பின் வரும் மாதங்களிலும் ஆண்டுகளிலும் அவருக்கும், அவரை உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கும் எது உதவும் என்பதைப் பற்றிய அறிவு இதைவிட மெதுவாகவே வளர்ந்திருக்கிறது. வளர்ந்த அறிவும் வீட்டு வாசலை எட்டுவதற்குள் களைத்துப்போகிறது.

மூளை, தண்டுவடம், அவற்றிலிருந்து உடலெங்கும் பிரியும் நரம்புகள் ஆகியவற்றைத் தாக்கும் நோய்கள் அனைத்தும் நரம்பியல் நோய்கள் எனப்படுகின்றன. பக்கவாதம், மறதிநோய், கைகால் நடுக்கத்தோடும் விறைப்போடும் வரும் பார்க்கின்சன் நோய், வலிப்பு, விபத்தில் நேரும் தலைக்காயம், குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் மூளை முடக்குவாதம் என அந்தப் பட்டியல் நீளமானது. 2021ஆம் ஆண்டில் உலகில் 340 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 43 சதவீதத்தினர், ஏதேனும் ஒரு நரம்பியல் கோளாறுடன் வாழ்ந்தனர் என்று லான்செட் நியூராலஜி இதழ் 2024இல் வெளியிட்ட கணக்கு கூறுகிறது. தலைவலி வகைகளும் சேர்ந்த கணக்கு அது என்றாலும், உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் 2031 வரையிலான செயல்திட்டம் ஒன்றை இந்நோய்களுக்கென்றே வகுத்ததன் காரணம் அதிலிருந்து விளங்கும். இவற்றுள் வளர்ந்தவர்களைத் திடீரெனச் செயலிழக்கச் செய்து, ஒரு குடும்பத்தின் நடைமுறையையே ஒரே நாளில் மாற்றிவிடுவது பக்கவாதம் என்பதால், மறுவாழ்வு பற்றிய ஆராய்ச்சியின் பெரும்பகுதி அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

உயிர் காக்கும் சிகிச்சைக்கும் வீடு திரும்பிய பின் கிடைக்கும் உதவிக்கும் உள்ள இடைவெளியைக் காண்பதற்கு மலேசியாவின் பினாங்கு ஏற்ற இடம். ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனையில் நரம்பியல் துறையும் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையும் இயங்குகின்றன. 1883இல் தோன்றிய லாம் வா ஈ, 1924இல் தோன்றிய அட்வெண்டிஸ்ட் ஆகியவை முதல் அண்மைக்காலத்தில் எழுந்தவை வரை தனியார் மருத்துவமனைகள் நெருக்கமாக அமைந்திருக்க, சுமத்ராத் தீவிலிருந்து சிகிச்சைக்கென்றே மக்கள் விமானம் ஏறி வருகிறார்கள். இத்தனை மருத்துவ வளம் குவிந்த ஜார்ஜ் டவுனில்கூட, மருத்துவமனையை விட்டு வெளியேறிய நோயாளிக்கு அடுத்த ஆறு மாதத்தில் யார் வருவார், எத்தனை முறை வருவார் என்னும் கேள்விக்கு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை.

மலேசிய இந்தியர்களில் பெரும்பான்மையினரான தமிழருக்கு இந்தக் கேள்வி கூடுதல் அவசரமுடையது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் வயதுவந்தோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தபோது, இந்தியர்களிடையே அது 31.4 சதவீதமாக இருந்தது. வயதுவந்த மலேசியர்களில் 30 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. இரத்தத்தில் மிகுந்து நிற்கும் சர்க்கரை இரத்தக்குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. புண்பட்ட சுவரில் கொழுப்பு படிகிறது. உயர் அழுத்தம் அந்தச் சுவரைத் தடிக்கவும் நலியவும் செய்கிறது. இறுதியில் குழாய் அடைபடுகிறது, அல்லது வெடித்துக் கசிகிறது. பேச்சுவழக்கில் ‘இனிப்புநீர்’ என்று எளிதாகச் சொல்லப்படும் நோய்க்கும் படுக்கையில் கிடக்கும் பக்கவாத நோயாளிக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரடியானது.

மறுவாழ்வு என்பது எதை நம்பி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, மூளையின் ஓர் இயல்பை அறிய வேண்டும். இறந்துபோன மூளைச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் அவற்றின் அக்கம்பக்கத்திலுள்ள செல்கள், தொடர்ந்து வற்புறுத்தப்பட்டால், இழந்த வேலையின் ஒரு பகுதியைத் தாமே ஏற்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ரேண்டால்ஃப் நூடோவும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட குரங்கு ஆய்வு இதைக் கண்முன் நிறுத்தியது. கையை இயக்கும் மூளைப்பகுதியில் சிறு சேதம் ஏற்படுத்தப்பட்ட குரங்குகளுக்கு உணவுத் துணுக்குகளை விரலால் எடுக்கும் பயிற்சி நாள்தோறும் தரப்பட்டபோது, முன்பு முழங்கையையும் தோளையும் ஆண்ட மூளைப்பகுதிக்குள் கைக்கான பகுதி பரவியிருந்தது. மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் இந்த ஆற்றலை நரம்பியலார் நெகிழ்திறன் என்பர். அது முழுமையாகத் தானே நிகழ்வதில்லை. எந்தச் செயல் திரும்பப் பெற வேண்டியதோ அந்தச் செயலையே, மிகப் பல முறை, சற்றே கடினமாக்கிக்கொண்டே செய்ய வேண்டும்.

‘மிகப் பல முறை’ என்பதில்தான் நடைமுறை தடுமாறுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 மறுவாழ்வுப் பயிற்சி அமர்வுகளை நேரில் கவனித்துப் பதிவுசெய்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது; ஓர் அமர்வில் நோயாளி தம் பாதிக்கப்பட்ட கையால் பயனுள்ள ஓர் அசைவைச் செய்தது சராசரியாக 32 முறை மட்டுமே. விலங்கு ஆய்வுகளில் மூளையை மாற்றிய பயிற்சியோ ஒரு நாளில் பல நூறு முறை நடந்தது. செல்வ நாடுகளின் நல்ல மருத்துவமனைகளிலேயே அளவு இத்தனை குறைவு என்றால், மாதம் ஓரிரு முறை பிசியோதெரபிக்கு வந்துபோகும் ஒரு நோயாளி ‘பயிற்சி எடுத்தும் பலனில்லை’ என்று முடிவு கட்டுவதில் வியப்பில்லை. அவர் எடுத்துக்கொண்டது மருந்தின் ஒரு துளி. அவருக்கு அதை முழு மருந்து என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்சியின் அளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை எக்ஸைட் என்னும் ஆய்வு காட்டியது. எட்வர்ட் டாப் என்னும் உளவியலாளர், பக்கவாதம் வந்தவர்கள் செயலிழந்த கையை நாளடைவில் முற்றாக மறந்து நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடுவதால், மீளக்கூடிய ஆற்றலும் வீணாகிறது என்று கண்டார். நல்ல கைக்கு உறை மாட்டி அதைத் தடுத்துவிட்டு, பலவீனமான கையை இரண்டு வாரம் நாள்தோறும் பல மணி நேரம் பழக்கும் முறை அதிலிருந்து பிறந்தது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் கடந்த 222 பேரிடம் இம்முறையைச் சோதித்த எக்ஸைட் ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது; கையில் ஏற்பட்ட முன்னேற்றம் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்தது. முதல் மூன்று மாதத்தில் வராதது பிறகு வராது என்று நோயாளிகளிடம் சொல்லப்படுவதுண்டு. அப்படிச் சொல்வது சரியன்று என்பதற்கு இந்த ஆய்வு ஒன்றே போதும்.

இன்னொரு முறைக்குத் தேவைப்படுவது ஒரு கண்ணாடி மட்டுமே. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்கள் இல்லாத கையில் உணரும் வலிக்கு நிலைக்கண்ணாடியைப் பயன்படுத்தினார். நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு கண்ணாடியை நிறுத்தினால், மூளை அந்தக் கையே அசைவதாக எடுத்துக்கொள்கிறது. 1999இல் அவரும் சகாக்களும் இதையே ஒன்பது பக்கவாத நோயாளிகளிடம் முயன்றனர். அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து வளர்ந்த 62 ஆய்வுகளை 2018இல் காக்ரேன் அமைப்பு தொகுத்து ஆராய்ந்தபோது, வழக்கமான பயிற்சியோடு கண்ணாடிப் பயிற்சியும் சேர்ந்தால் கைகால் இயக்கம் மேம்படுகிறது என்னும் முடிவு கிட்டியது. பினாங்கின் எந்த அடுக்குமாடி வீட்டிலும் செய்யக்கூடிய பயிற்சி இது. ஒருவர் வந்து முறையாகக் கற்றுத்தர வேண்டும், அவ்வளவே.

கூடுதல் பயிற்சி நல்லது என்றால், அதை முதல் நாளிலேயே தொடங்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. மலேசியாவும் பங்கேற்ற அவெர்ட் என்னும் பெரும் ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் வைக்கப்பட்டு, அடிக்கடி பயிற்சியும் தரப்பட்டனர். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. ஆய்வை நடத்தியவர்களே எதிர்பாராத முடிவு 2015இல் வந்தது. மூன்று மாதத்துக்குப் பின் பெரிதும் பிறர் உதவியின்றி வாழ முடிந்தவர்கள் வழக்கமான கவனிப்புப் பிரிவில் 50 சதவீதம். சீக்கிரமாகவும் மிகுதியாகவும் எழுப்பப்பட்ட பிரிவில் 46 சதவீதம். புதிதாகக் காயப்பட்ட மூளைக்கு முதல் நாளின் நீண்ட பயிற்சி சுமையாகிவிடக்கூடும். குடும்பத்தினர் ஆர்வத்தோடு நோயாளியைத் தூக்கி நிறுத்தி நடக்க வைக்க முயல்வதைத் தாதியர் தடுத்தால், அது அக்கறையின்மையன்று.

முதல் நாட்களில் உண்மையில் உயிரையும் எதிர்காலத்தையும் காப்பவை பெரும்பாலும் கண்ணில் படாத எளிய தாதிமைப் பணிகள். ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், காய்ச்சலைக் கவனித்தல், சர்க்கரை அளவைக் கவனித்தல், விழுங்கும் ஆற்றலைச் சோதித்தல் ஆகிய மூன்றையும் தாதியர் ஒழுங்குமுறையோடு செய்த இடங்களில், 90 நாளில் இறந்தோரும் பிறரைச் சார்ந்திருப்போரும் 42 சதவீதம். அப்படிச் செய்யாத இடங்களில் 58 சதவீதம். புதிய மருந்தோ இயந்திரமோ இல்லாமல் கிடைத்த வேறுபாடு இது. விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்குத் தண்ணீரோ கஞ்சியோ கொடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவாக மாறக்கூடும். பசித்திருப்பாரே என்னும் பாசத்தில் தரப்படும் ஒரு வாய்க் கஞ்சி நோயைவிடக் கேடு செய்யக்கூடும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

இனி வீடு. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பயிற்சியாளர்கள் குறைவு, குடும்பங்களோ பெரியவை. ஆகவே குடும்பத்தில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து, அவரையே பயிற்சியாளராக்கிவிட்டால் என்ன என்னும் எண்ணம் பல ஆண்டுகளாகவே பேசப்பட்டு வந்தது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து நடத்தப்பட்ட அட்டெண்ட் ஆய்வு அதை நேர்மையாகச் சோதித்தது. சிட்னியின் ரிச்சர்ட் லிண்ட்லியும், லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நரம்பியல் மருத்துவரும் பின்னாளில் உலகப் பக்கவாத அமைப்பின் தலைவரானவருமான ஜெயராஜ் துரை பாண்டியனும் அதை வழிநடத்தினர். நோயாளியின் குடும்பத்தினர் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தொடங்கப்பட்டு, வீட்டுக்குச் சென்ற பின்னும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தது. 2017இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது: ஆறு மாதத்துக்குப் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்திருந்தோரும் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம், பயிற்சி பெறாத குடும்பங்களிலும் அதே 47 சதவீதம். பிரிட்டனில் 36 பக்கவாதப் பிரிவுகளில் பராமரிப்போருக்குப் பயிற்சி அளித்து, 2013இல் வெளியான ட்ராக்ஸ் ஆய்வும் பலன் எதையும் காணவில்லை.

இந்த முடிவுகள் குடும்பத்தின் அன்பையோ உழைப்பையோ குறைத்து மதிப்பவை அல்ல. அவை சொல்வது வேறு. சமைத்து, துவைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, வேலைக்கும் போகும் ஒரு பெண்ணிடம் சில வாரப் பயிற்சியைத் தந்து, நாலாண்டு பட்டப்படிப்புப் படித்த ஒருவரின் வேலையையும் அவர் தலையில் ஏற்ற முடியாது. நோயாளியின் தசை இறுக்கம் கூடியிருக்கிறதா, தோள்மூட்டு நழுவத் தொடங்கியிருக்கிறதா, இன்று பயிற்சியைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று தீர்மானிப்பது கண்பார்த்துக் கற்கும் வேலையன்று. இதற்கு மறுபக்கத்தைக் காட்டும் ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் 408 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான லீப்ஸ் ஆய்வு, உடலைப் பட்டைகளால் தாங்கி ஓடுபட்டையில் நடக்க வைக்கும் விலையுயர்ந்த பயிற்சியையும், பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து தரும் உடற்பயிற்சியையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் இரு முறைகளிலும் நடை ஒரேயளவு மேம்பட்டிருந்தது. மொத்தத்தில் 52 சதவீதத்தினர் தம் நடைத்திறனில் ஒரு படி ஏறியிருந்தனர். அட்டெண்ட் ஆய்வில் வீடு தோற்றது, லீப்ஸ் ஆய்வில் வீடு விலையுயர்ந்த கருவிக்கு ஈடுகொடுத்தது. இரண்டும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு வகை நோயாளிகளிடம் நடந்தவை என்றாலும், பெரிய வேறுபாடு ஒன்று தெளிவாகவே தெரிகிறது: லீப்ஸில் வீட்டுக்கு வந்து, பக்கத்திலிருந்து, மூன்று நான்கு மாதம் திரும்பத் திரும்பப் பயிற்சி தந்தவர் தொழில் கற்ற பிசியோதெரபிஸ்ட்.

இயந்திரங்களைப் பற்றியும் இதே பொறுமையோடு எண்ண வேண்டியிருக்கிறது. சொக்சோ என்று மக்கள் அழைக்கும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ 2007இல் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தைத் தொடங்கி, மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு மையத்தை நிறுவி, அண்மையில் ஈப்போவின் மேரு ராயாவில் நரம்பியல் எந்திரன்களைக் கொண்ட மையத்தையும் உருவாக்கியிருக்கிறது. தொழிலாளியை ஊனத்தோடு வீட்டில் இருத்திவிடாமல் வேலைக்கு மீட்கும் நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் பிரிட்டனில் 770 பேரிடம் கைக்கான எந்திரன் பயிற்சியைச் சோதித்து 2019இல் வெளியான ரேட்டுல்ஸ் ஆய்வு, வழக்கமான கவனிப்பைவிட அது கையின் பயன்பாட்டை மேம்படுத்தவில்லை என்று கண்டது. எந்திரன் சலிக்காமல் ஆயிரம் முறை கையை அசைக்க வைக்கும். சட்டைப் பொத்தானைப் போடவும் தட்டிலிருந்து சோற்றை அள்ளவும் அந்த அசைவை மாற்றிக்கொடுப்பது இன்னும் மனிதரின் வேலையாகவே இருக்கிறது. சந்தா கட்டும் தொழிலாளிக்கு இந்த மையங்களின் கதவு திறக்கும்; சந்தா கட்டாமல் நாட்கூலிக்கு உழைத்தவர்களுக்கும், வேலைக்கே போகாத முதியவர்களுக்கும் அது அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. பினாங்கிலிருந்து ஈப்போவோ மலாக்காவோ போய் வருவதும் எல்லாராலும் ஆவதன்று.

ஆகவே பினாங்கு நோயாளியின் மறுவாழ்வு பெரும்பாலும் பக்கத்திலுள்ளவற்றைக் கொண்டே நடக்கிறது. மருத்துவமனையின் புறநோயாளர் பயிற்சிப் பிரிவு, ஆயர் ஈத்தாம், ஜாலான் பேராக் போன்ற இடங்களிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள், படுக்கையில் இருப்போரை வீட்டுக்கே சென்று பார்க்கும் சுகாதார அமைச்சின் இல்லப் பராமரிப்புக் குழுக்கள், தொண்டு அமைப்புகள் என அவை பலவாகப் பிரிந்திருக்கின்றன. தாமே பக்கவாதத்திலிருந்து மீண்டவரான ஜேனட் இயோ 1996இல் தொடங்கிய மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கமான நாசாம், பினாங்கிலும் மையம் நடத்துகிறது. பயிற்சியோடு, அதே நோயைக் கடந்தவர்களின் கூட்டுறவும் அங்கே கிடைப்பது சிறிய விஷயமன்று. பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வில் விழுகிறார், மனம் சோர்ந்தவர் பயிற்சியைத் தொடர்வது கடினம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குடும்ப மருத்துவ ஆய்வாளர் அஸ்னிடா ஃபிர்சா அப்துல் அசிசும் அவருடைய குழுவினரும், மருத்துவமனையை விட்டு வந்த நோயாளியைச் சுகாதாரக் கிளினிக்கே தொடர்ந்து பார்ப்பதற்கான வழிமுறை ஒன்றை ஐகேப்ஸ் என்னும் பெயரில் வகுத்திருக்கிறார்கள். சிதறிக் கிடக்கும் சேவைகளை ஒரு நூலில் கோக்க முயலும் இத்தகைய ஆய்வுக்குப் பத்திரிகைத் தலைப்புகள் கிடைப்பதில்லை, கிடைத்திருக்க வேண்டும்.

ஊரின் அமைப்பும் நோயில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. 2008இல் உலக மரபுச் சின்னமான ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னுள்ள அஞ்சடிப் பாதைகள் வீட்டுக்கு வீடு ஏறியும் இறங்கியும் செல்வதோடு, மோட்டார் சைக்கிள்களாலும் கடைச் சாமான்களாலும் அடைபட்டுக் கிடக்கின்றன; குறுகிய, செங்குத்தான மரப்படிகளுக்கு மேலே படுக்கையறை. மலிவுவிலை அடுக்குமாடிகளில் மின்தூக்கி பழுதாகும் நாளில் சக்கர நாற்காலி வீட்டைவிட்டு வெளியேறாது. நடக்கப் பழகிய ஒருவர், நடக்க இடமில்லாமல் மீண்டும் படுக்கைக்குத் திரும்புவது மருத்துவத்தின் தோல்வியாகப் பதிவாகிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களையும் போக்குவரத்தையும் அணுகும் உரிமையைப் பேசுகிறது. அஞ்சடிகளுக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

நாட்டு மருத்துவத்தையும் இங்கே ஒதுக்கிவிட முடியாது. பக்கவாதம் என்றதும் மலாய்க்காரர் உருட் எனப்படும் உடம்புப்பிடிக்கும், சீனர் அக்குபங்சருக்கும், தமிழர் எண்ணெய் தேய்த்து நீவுவதற்கும் வர்ம வைத்தியருக்கும் போவது வழக்கம். மலேசிய அரசு இதைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை. அரசாங்க மருத்துவமனைக்குள் பாரம்பரிய மருத்துவப் பிரிவு முதன்முதலாக 2007இல் திறக்கப்பட்டது பினாங்கு மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில்தான். பக்கவாதத்துக்குப் பிந்தைய உடம்புப்பிடியும் அக்குபங்சரும் இத்தகைய பிரிவுகளில் மருத்துவரின் பார்வையில் தரப்படுகின்றன. 2016இல் தனிச் சட்டமும் வந்தது. இம்முறைகள் வலியையும் இறுக்கத்தையும் தணித்து நோயாளிக்கு இதம் தரக்கூடும். இழந்த இயக்கத்தை மீட்கின்றன என்பதற்கு உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை. தீங்கு நேர்வது, இவற்றுக்காக மாத்திரைகளை நிறுத்தும்போதும், தளர்ந்த தோளை வலுவாக இழுக்கும்போதும், பயிற்சிக்கு உரிய முதல் மாதங்கள் கைநழுவும்போதும்தான். அரசு தன் கூரையின் கீழ் இவற்றைக் கொண்டுவந்தது அந்தத் தீங்கைக் குறைக்கும் அறிவார்ந்த செயல்.

பேச்சை இழந்தவர்களின் நிலை பினாங்கில் தனிச் சிக்கலுடையது. மூளையின் மொழிப்பகுதி சேதமுற்றால், அறிவு தெளிவாக இருந்தும் சொல் வராமல் போவதையோ, கேட்ட சொல் விளங்காமல் போவதையோ அஃபேசியா என்பர். வீட்டில் தமிழும், சந்தையில் ஹொக்கியனும், அலுவலகத்தில் மலாயும் ஆங்கிலமும் பேசிப் பழகிய ஒருவருக்கு எல்லா மொழிகளும் ஒரேயளவில் போவதும் இல்லை, ஒரேயளவில் திரும்புவதும் இல்லை. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் சகாக்களும் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோரில் 40.5 சதவீதத்தினர் பக்கவாதத்துக்குப் பின் இயல்பான சிந்தனைத் திறனோடு இருக்க, ஒரே மொழி பேசுவோரில் அது 19.6 சதவீதமாகவே இருந்தது என்று காட்டியது. அஃபேசியா வரும் விகிதத்தில் மட்டும் இரு சாராரிடமும் வேறுபாடில்லை. பன்மொழி வாழ்க்கை மூளைக்குச் சேமிப்பாக அமைகிறது என்றால், அந்தச் சேமிப்பை எடுக்க நோயாளியின் மொழியிலேயே பேசும் பயிற்சியாளர் வேண்டும். தமிழில் சிந்தித்த முதியவரை மலாயில் மட்டும் சோதித்து, அவருக்கு மறதி என்று எழுதிவிடுவது பெரும் அநீதி.

பராமரிப்பவரைப் பற்றிய ஆராய்ச்சிக்கு மறதிநோய்தான் வழிகாட்டியது. மலேசியாவில் 60 வயதைக் கடந்தோரில் 8.5 சதவீதத்தினருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று 2018ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு கணித்தது. உலகின் மறதிநோயாளர்களில் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி இல்லை என்னும் குறையைப் பெயரிலேயே தாங்கிய 10/66 ஆய்வுக்குழு, 1998இல் கொச்சியில் நடந்த மாநாட்டில் உருவானது. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களாயின. அதன் தொடர்ச்சியாகக் கோவாவில் அமித் டயஸும் விக்ரம் பட்டேலும் 81 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. எளிய பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் வீட்டுக்கு வந்து, நோயைப் பற்றி விளக்கி, சினத்தையும் அலைச்சலையும் கையாளும் வழிகளைச் சொல்லி, பராமரிப்பவரின் மனக்குமுறலையும் காது கொடுத்துக் கேட்டார். நோயாளியின் நோய் குறையவில்லை. பராமரிப்பவரின் மன நலம் தேறியது. அட்டெண்ட் ஆய்வு குடும்பத்தை நோயாளியின் பயிற்சியாளராக்க முயன்று பலன் காணாதபோது, கோவா ஆய்வு குடும்பத்தையே கவனிப்புக்குரியதாகக் கொண்டு பலன் கண்டது என்பது, இத்துறையின் மிக முக்கியமான பாடம் என்று கருதத் தோன்றுகிறது.

படுக்கையில் உள்ள நோயாளியைப் பராமரிப்போருக்கு மலேசிய சமூகநலத் துறை வழங்கும் மாத உதவி 2021இல் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டாக உயர்ந்தது. வேலையை விட்டு வீட்டில் தங்கிய ஒரு மகளின் சம்பளத்துக்கு அது ஈடாகாது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் பாதுகாப்பு தருகிறது. கணவரையோ மாமியாரையோ நாள்தோறும் தூக்கிப் புரட்டி முதுகை முறித்துக்கொள்ளும் பெண்களின் உழைப்பை நாட்டின் சட்டம் உழைப்பாக ஒப்புக்கொண்ட முதல் படி அது.

தூரத்திலிருந்து கற்கவும் உள்ளது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் உள்நோயாளர் மறுவாழ்வு நிலையத்தை எழுப்பினார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபிஸ்ட்டையும் வீட்டுக்கே அனுப்புகிறது. மலேசியாவிலும் நோயாளியைத் தேடிச் செல்லும் இந்த எண்ணம் புதிதன்று: சமூகம் சார்ந்த மறுவாழ்வுத் திட்டம் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் 1984இலேயே தொடங்கி நாடெங்கும் பரவியது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு அது பெரிதும் பயன்பட்டிருக்கிறது; ஐம்பது, அறுபது வயதில் பக்கவாதம் கண்டவர்களையும் அதே முனைப்போடு தேடிச் செல்லும் அளவுக்கு அது விரிய வேண்டும்.

பினாங்கு இதில் முன்செல்லத் தக்க மாநிலம். பொது மருத்துவமனையை அடுத்து, சிப்பாய் லைன்ஸ் சாலையில், 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களின் வளாகம் இருக்கிறது. தீவிலேயே 1969இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும், அதற்குப் பெருநிலத்தின் பெர்த்தாமில் ஒரு மருத்துவக் கழகமும் உள்ளன. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் அரை மணி நேரப் பயணம். தொழில் கற்ற பயிற்சியாளர் ஒருவர் ஒரு நோயாளியின் வீட்டுக்கு முதல் ஆறு மாதத்தில் எத்தனை முறை வந்தால் நடையும் பேச்சும் எவ்வளவு மீளும், அதற்கு ஆகும் செலவு அவர் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதால் ஆகும் செலவைவிடக் கூடுமா குறையுமா, நோயாளியின் சொந்த மொழியில் பயிற்சி தந்தால் வேறுபாடு உண்டா, அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் உறக்கமும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அந்த ஆறு மாதத்தில் என்ன ஆகின்றன என்னும் கேள்விகளுக்கு, நான்கு மொழி பேசும் இந்தத் தீவைப் போல விடை காண ஏற்ற ஊர்கள் அதிகமில்லை. அந்த விடைகள் கிடைக்கும்வரை, வீடு திரும்பும் நாளில் கையில் தரப்படும் தாளில் மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே, பயிற்சிக்கு யார் வருவார், எந்த நாளில் வருவார், வராவிட்டால் யாரை அழைப்பது என்னும் மூன்று வரிகளையும், பராமரிப்பவர் தமக்கென்று கிளினிக்குக்குப் போக வேண்டிய ஒரு தேதியையும் எழுதித் தரும்படி ஒவ்வொரு குடும்பமும் கேட்கலாம். கேட்க உரிமையும் உண்டு.